பாலைநிலத்துச் சந்தைகளும் திருவிழாக்களும்

விளைவித்தவன் விளைவை எங்கே விற்பது, நெய்தவன் ஆடையை யாரிடம் சேர்ப்பது என்னும் கேள்வி மிகப் பழமையானது. கூட்டுறவுச் சங்கம் என்னும் அமைப்புத் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் இக் கேள்விக்கு ஒரு விடை கண்டிருந்தனர். அவ் விடையின் பெயர் சந்தை. ஆண்டுக்கு ஒரு முறை, தெய்வத்தின் பெயரால், குறித்த திதியில், குறித்த நீர்நிலையின் அருகே கூடும் பெருஞ்சந்தை அது.

இத்தகைய சந்தைகள் இந்தியாவின் எப் பகுதியிலும் உண்டு. எனினும் இராஜஸ்தானத்தின் மேற்கே பரந்து கிடக்கும் தார்ப் பாலைவனத்தில் அவை பெற்றுள்ள சிறப்புத் தனியானது. அங்கே ஒட்டகமும் எருதும் ஆயிரக்கணக்கில் கைமாறின. மஞ்சளும் சிவப்புமாகத் தலைப்பாகைகள் மணல்வெளியை நிறைத்தன. அயல்நாட்டார் இன்றும் அக் காட்சியைப் படம் பிடிக்க வருகின்றனர். ஆனால் கூட்டுறவாளர்களாகிய நாம் காட்சியோடு நின்றுவிடலாகாது. இச் சந்தைகள் ஏன் தோன்றின, எவ்வாறு இயங்கின, யாருக்குப் பயன் தந்தன, அப் பயன் இன்று எங்கே போயிற்று என்பனவற்றை ஆராய்வதே இப் பாடத்தின் நோக்கம்.

நிலமும் மழையும்

ஆரவல்லி மலைத்தொடருக்கு மேற்கே செல்லச் செல்ல மழை குறைந்துகொண்டே போகிறது. ஜெய்சல்மேரில் சராசரியாக ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 20 சென்டிமீட்டரை எட்டுவதில்லை. அதுவும் ஆடி, ஆவணி மாதங்களில் சில நாட்களுக்குள் பெய்து ஓய்ந்துவிடும். அம் மழையை நம்பிக் கம்பு, நரிப்பயறு, கொத்தவரை, எள் ஆகியவற்றை விதைப்பார்கள். பாசன வசதி இல்லாத இடங்களில் ஆண்டுக்கு ஒரு போகமே கிடைக்கும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. விக்கிரம சகாப்தம் 1956-ஆம் ஆண்டில், அதாவது 1899-1900-இல், ஏற்பட்ட பெரும் பஞ்சத்தை அப் பகுதி மக்கள் 'சப்பனியா', அதாவது ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம், என்று இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனர்.

இத்தகைய நிலத்தில் தானியத்தை மட்டும் நம்பி வாழ இயலாது. கால்நடையே அங்கு நடமாடும் சேமிப்பு. மழை பெய்யாத இடத்தில் பயிர் கருகி நிற்கும். ஆனால் ஆடும் மாடும் ஒட்டகமும் மழை பெய்த இடத்தைத் தேடி நடந்து செல்லும். ஆகவே ரைக்கா, ரபாரி என்னும் மேய்ப்பர் குலத்தார் தம் மந்தைகளுடன் ஆண்டின் பெரும்பகுதியை வழியிலேயே கழித்தனர். ஊர்கள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் இருந்தன. விற்பவனும் வாங்குபவனும் நாள்தோறும் சந்திக்க வழியில்லை. ஆகவே, ஆண்டுக்கு ஒரு நாளையும் ஓர் இடத்தையும் குறித்துக்கொண்டு அனைவரும் அங்கே கூட வேண்டியதாயிற்று.

அந் நாளை யார் குறிப்பது? அரசர் குறித்தால் எல்லை கடந்தவன் அறியமாட்டான். வணிகர் குறித்தால் மேய்ப்பன் நம்பமாட்டான். தெய்வத்தின் திதியை மட்டும் எல்லோரும் அறிவர். அதை யாரும் மாற்ற முடியாது. எழுதப் படிக்க அறியாத மேய்ப்பனும் வானத்து நிலவைப் பார்த்து, சந்தைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்கிட்டுக்கொள்வான். இவ்வாறு பக்தியும் வாணிபமும் ஒரே நாளில் பிணைந்தன.

பஞ்சாங்கமும் சந்தையும்

பாலைநிலத்துச் சந்தைகள் கூடும் மாதங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவை விவசாய வேலைகளுக்கும் மேய்ச்சலுக்கும் இசைய அமைந்திருப்பதைக் காணலாம்.

முதலாவது, நம் ஆவணி, புரட்டாசி மாதங்களையொட்டி வரும் பாத்ரபத மாதச் சந்தைகள். பர்பத்சரில் வீர தேஜாஜியின் பெயரால் கால்நடைச் சந்தை கூடுகிறது. பசுக்களைக் காக்க உயிர்விட்டவராகவும் பாம்புக்கடியிலிருந்து காப்பவராகவும் விவசாயிகள் அவரைப் போற்றுகின்றனர். ஹனுமான்கட் வட்டாரத்துக் கோகாமேடியில் கோகாஜியை இந்துக்களும் முஸ்லிம்களும் வணங்குகின்றனர். இம் மாதங்களில் மழை பெய்து வழியெங்கும் புல் முளைத்திருக்கும். கால்நடைகளை நடத்திச் செல்வது எளிது.

இரண்டாவது, கார்த்திக மாதச் சந்தைகள். கம்பு அறுவடை முடிந்து கையில் சிறிது பணம் புழங்கும் காலம் இது. மழைக்கால மேய்ச்சலால் கால்நடைகளும் உடல் தேறி நிற்கும். அஜ்மீரை அடுத்த புஷ்கரத்தில் ஏகாதசி முதல் பௌர்ணமி வரை, 52 படித்துறைகள் சூழ்ந்த ஏரியில் மக்கள் புனித நீராடுவர். பிரம்மதேவன் கோயிலில் வழிபடுவர். அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே ஊருக்கு வெளியே மணல்மேடுகளில் கால்நடை வாணிபம் தொடங்கிவிடும். பிக்கானேரை அடுத்த கோலாயத்தில் கபில முனிவரின் பெயரால் அதே பௌர்ணமியில் விழா நடைபெறுகிறது.

மூன்றாவது, தை, மாசியையொட்டி வரும் மாக மாதத்தில் நாகௌரில் கூடும் ராம்தேவ் கால்நடைச் சந்தை. விரைந்து நடக்கும் நாகௌரி எருதுகளுக்கு அது பெயர் பெற்றது. மிளகாய் வற்றல் வாணிபமும் அங்குச் சிறப்பாக நடைபெறும்.

நான்காவது, பங்குனியையொட்டி வரும் சைத்திர மாதச் சந்தைகள். மேட்தாவில் விவசாயிகள் தலைவர் பல்தேவ்ராம் மிர்தாவின் நினைவாக ஒரு சந்தை கூடுகிறது. பாலோத்ராவுக்கு அருகே தில்வாராவில் மல்லிநாதரின் பெயரால் கூடும் சந்தை மிகப் பழமையானது. லூணி ஆறு வறண்டு கிடக்கும் பருவத்தில், அவ் வாற்றின் மணற்படுகையே சந்தைத் திடலாக அமைகிறது. காங்க்ரேஜ், தார்பார்க்கர் மாடுகளும் மாலாணிக் குதிரைகளும் அங்கு வரும்.

கோடைக்கு முன் ஏன் சந்தை? விற்பவனுக்குக் கோடைத் தீவனச் செலவு குறைகிறது. வாங்குபவனுக்கு அடுத்த மழையில் உழுவதற்கு எருது கிடைக்கிறது. தேவையும் மிகுதியும் சந்திக்கும் இடமாகவும் காலமாகவும் சந்தை அமைந்தது. பாலைநிலத்து மக்கள் பல தலைமுறை அனுபவத்தால் கண்ட ஏற்பாடு இது.

சந்தை செய்த பணிகள்

சந்தையின் முதற்பணி விலையை வெளிப்படுத்துவது. ஒரு மேய்ப்பன் தன் ஊரில் ஒரு வணிகனிடம் ஓர் ஒட்டகத்தை விற்றால், அவ் வணிகன் சொன்னதே விலை. புஷ்கரத்தில் அதே ஒட்டகத்தைப் பத்துப் பேர் பார்ப்பர்; பல்லைப் பார்ப்பர்; நடத்திப் பார்ப்பர்; பக்கத்தில் நிற்கும் ஒட்டகம் என்ன விலைக்குப் போயிற்று என்பதும் சிறிது நேரத்தில் தெரிந்துவிடும். விற்பவர் பலரும் வாங்குபவர் பலரும் ஓரிடத்தில் கூடினால் ஒருவன் மட்டும் விலையை ஆள முடியாது.

இரண்டாவது பணி நல்ல இனங்களைப் பேணுவது. சிறந்த பொலிகாளையும் பால் மிகுந்த பசுவும் அனைவர் கண்ணிலும் படுவதால், எந்த இனத்தை வளர்ப்பது நன்மை என்பதை விவசாயி நேரில் கற்றான். மாநிலக் கால்நடைத் துறை நடத்தும் சந்தைகளில் இன்றும் போட்டிகளும் பரிசுகளும் உண்டு. அங்கே கால்நடை மருத்துவமும் நடைபெறுகிறது.

மூன்றாவது பணி துணைத் தொழில்களை வாழவைப்பது. ஒட்டகம் வாங்கியவனுக்குச் சேணம் வேண்டும். மூக்குக் கட்டை, கயிறு, மணி, குஞ்சம் ஆகியன வேண்டும். ஆகவே தோல் தொழிலாளியும் கொல்லனும் தச்சனும் கயிறு திரிப்பவனும் அங்குக் கடை விரித்தனர். ரைக்கா ஆடவர் மந்தையின் பின்னே நடந்துகொண்டே தக்களியில் நூல் திரிப்பர். அந் நூலை மேக்வால் நெசவாளரிடம் கொடுத்துக் கம்பளியாக நெய்து வாங்கினர். மேய்ப்பனின் வருவாய் நெசவாளனின் தறியையும் ஓட்டியது என்பதை நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

நான்காவது பணி உறவுகளைப் புதுப்பித்தல். சிதறி வாழும் குலத்தார் அங்கே கூடி வழக்குகளைத் தீர்த்தனர், திருமணம் பேசினர், எங்கே மழை பெய்தது, எங்கே புல் உண்டு என்னும் செய்திகளைப் பரிமாறிக்கொண்டனர்.

ஆயினும் இப் பழைய சந்தையைக் குறையற்றதென்று புகழ்வது பொருந்தாது. அதில் ஒரு பெருங்குறை இருந்தது. மழை பொய்த்த ஆண்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருவர். வாங்குவோர் சிலரே இருப்பர். அப்போது விலை அடியோடு வீழும். தீவனமும் இல்லை, திரும்ப ஓட்டிச் செல்ல வலிமையும் இல்லை என்னும் நிலையில், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவதன்றி வேறு வழியில்லை. பொருளை வைத்திருந்து விற்கும் ஆற்றல் இல்லாதவனுக்குச் சந்தை துணை செய்யாது. நெல்லுக்கும் பருத்திக்கும் சேலைக்கும் இவ் வுண்மை பொருந்தும்.

திருவிழாவும் துணியும்

பாலைநிலத்தை வண்ணமயமானது என்று கூறுகின்றனர். மணலும் வானமும் ஒரே நிறமாகத் தோன்றும் நாட்டில் மக்களே தம் ஆடையால் வண்ணத்தைப் படைத்தனர். அவ் வண்ணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளும் ஒரு காரணமும் உண்டு.

மாசி, பங்குனியையொட்டி வரும் பால்குன மாதத்தில், ஹோலிப் பண்டிகையின்போது, வெண்மையில் சிவப்பு விளங்கும் 'பாகணியா' என்னும் முக்காட்டுத் துணியைப் பெண்கள் அணிவர். ஹோலிக்கு மறுநாள் தொடங்கிக் கங்கௌர் நோன்பு 18 நாள் நடைபெறும். ஈசர், கௌரி உருவங்களைச் செய்து வைத்து, கோதுமை அல்லது வாற்கோதுமை முளைகளை வளர்த்துப் பெண்கள் வழிபடுவர். நம் ஊர்களில் முளைப்பாரி எடுக்கும் பெண்களுக்கு இவ் வழிபாடு அயலாகத் தோன்றாது. மார்வாரில், துளைகள் இட்ட மண்குடத்தினுள் விளக்கேற்றித் தலையில் சுமந்து மாலைவேளையில் தெருவெங்கும் பாடிச் செல்வதும் உண்டு. வைகாசக மாதத்து வளர்பிறைத் துவிதியையில், பிக்கானேர் நகரம் தோன்றிய நாளைக் கொண்டாடும் மக்கள் மாடிதோறும் பட்டம் விடுவர்.

மழை வந்ததும் தீஜ் பண்டிகை வரும். மரக்கிளைகளில் ஊஞ்சல் கட்டுவர். அப்போது 'லஹரியா' அணிவது வழக்கம். லஹர் என்றால் அலை. மெல்லிய துணியை மூலைவாட்டில் சுருட்டி, இடைவெளி விட்டு நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் துணி முழுவதும் அலை அலையாகக் கோடுகள் ஓடும். அதே துணியை எதிர்ப்பக்கமாகச் சுருட்டி மீண்டும் கட்டித் தோய்த்தால் கட்டம் கட்டமான 'மோத்தடா' கிடைக்கும். குழந்தை பெற்ற தாய்க்கு மஞ்சள் நிற முக்காடு பிறந்த வீட்டிலிருந்து வரும். புள்ளி புள்ளியாக முடிச்சிட்டுச் சாயமேற்றும் முறையும் இங்கு உண்டு. சௌராஷ்டிரர் மதுரையில் வளர்த்த சுங்குடி இம் முடிச்சுச் சாயக் கலையின் உறவே ஆகும்.

இதில் நெசவாளர்க்குரிய பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. இன்ன மாதத்தில் இன்ன துணிக்குத் தேவை எழும் என்பதை அங்குள்ள நெசவாளரும் சாயத் தொழிலாளரும் முன்கூட்டியே அறிந்திருந்தனர். பங்குனியில் வேண்டிய துணிக்கு மார்கழியிலேயே வேலை தொடங்கும். திருவிழாதான் அவர்களுடைய உற்பத்தித் திட்டம். வழக்கம் உறுதியாக இருந்தவரையில் தேவையும் உறுதியாக இருந்தது. பண்டிகைக்கு நாட்டுத்துணி வாங்கும் வழக்கம் தளர்ந்து, ஆலையில் அச்சிட்ட செயற்கை இழைத் துணி குறைந்த விலையில் வந்தபோது அத் திட்டமும் ஆட்டம் கண்டது.

ராம்தேவ்ராவும் நெசவாளரும்

போக்ரணுக்கு அருகேயுள்ள ராம்தேவ்ராவில் பாத்ரபத மாதத்து வளர்பிறையில் பாபா ராம்தேவின் விழா நடைபெறுகிறது. பல நூறு மைல் தொலைவிலிருந்தும் மக்கள் கொடி ஏந்தி நடந்தே வருவர். துணியால் செய்த குதிரைப் பொம்மைகளைக் காணிக்கையாகச் செலுத்துவர். காமட் குலப் பெண்கள் உடலில் பதின்மூன்று சிறு தாளங்களைக் கட்டிக்கொண்டு அமர்ந்தபடியே ஆடும் 'தேரஹ்தாலி' ஆட்டம் இவ் விழாவுக்கு உரியது.

ராம்தேவ் ராஜபுத்திரக் குலத்தில் பிறந்தவர். சாதி வேற்றுமை பாராட்டாதவர் என்று மக்கள் அவரைப் போற்றுகின்றனர். முஸ்லிம்கள் ராம்சா பீர் என்று வணங்குகின்றனர். மேக்வால் குலத்து டாலிபாய் என்னும் பக்தையின் சமாதியும் அவருடைய சமாதிக்கு அருகிலேயே உள்ளது. மேக்வால்கள் நெசவும் தோல் வேலையும் செய்துவந்தவர்கள். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்கள். மற்ற நாட்களில் ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்கள், அவ் விழாவில் அனைவருடனும் ஒரே வரிசையில் நின்றனர். அவ் விழா முடிந்தபின் ஊரில் வேற்றுமை தொடர்ந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. ஒரு நாள் சமத்துவத்தை ஆண்டு முழுவதற்கும் உரியதாக்குவது திருவிழாவால் மட்டும் ஆவதன்று. தொழிலிலும் வருவாயிலும் சமநிலை வேண்டும்.

மாறிய காலம்

இனி இன்றைய நிலையைக் காண்போம். இராஜஸ்தான் கால்வாய் வேலை 1958-இல் தொடங்கியது. பின்னர் அதற்கு இந்திரா காந்திக் கால்வாய் எனப் பெயர் மாறியது. அதன் நீர் பாய்ந்த இடமெல்லாம் வயலாயிற்று. விவசாயிக்கு அது வாழ்வு தந்தது. அதே வேளையில் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. சாலைகள் பெருகின. ஒட்டக வண்டி சுமந்ததை லாரி சுமந்தது. எருது உழுததை டிராக்டர் உழுதது.

1980-களின் தொடக்கத்தில் இந்தியாவில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஒட்டகங்கள் இருந்தன. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் அவை 4 லட்சமாகவும், 2019 கணக்கெடுப்பில் சுமார் 2.5 லட்சமாகவும் குறைந்தன. அதே ஏழு ஆண்டுகளில் இராஜஸ்தானத்தில் மட்டும் 3.26 லட்சத்திலிருந்து 2.13 லட்சமாகக் குறைந்தன.

இக் குறைவைத் தடுக்கும் எண்ணத்துடன் இராஜஸ்தான் அரசு 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. 2015-இல் ஒரு சட்டம் இயற்றி, ஒட்டகத்தைக் கொல்வதைத் தடை செய்து, வெளி மாநிலங்களுக்குக் கொண்டுசெல்வதையும் கட்டுப்படுத்தியது. நோக்கம் நல்லதே. ஆனால் விளைவு வேறாயிற்று. ரைக்காக்கள் மரபுப்படி பெண் ஒட்டகத்தை வெளியாருக்கு விற்பதில்லை. பாலை விற்பதையும் இழிவாகக் கருதினர். ஆண் ஒட்டகக் கன்றுகளைப் புஷ்கரத்தில் விற்பதே அவர்களுடைய ஆண்டு வருவாய். வெளிமாநில வணிகர் வருவது குறைந்ததும் விலை வீழ்ந்தது. விலை வீழ்ந்ததும், இழப்புக்கு ஏன் வளர்க்க வேண்டும் என்று இளைஞர் வேறு வேலை தேடிச் சென்றனர். வளர்ப்பவனுக்கு வருவாய் இல்லாமல் சட்டத்தால் மட்டும் ஒரு விலங்கைக் காப்பாற்றுவது அரிது என்பதை இந் நிகழ்ச்சி காட்டுகிறது.

புஷ்கரத்தில் அண்மை ஆண்டுகளில் ஒட்டகங்களை விடக் குதிரைகள் மிகுதியாக வருகின்றன. செல்வர் விரும்பும் மார்வாரிக் குதிரைக்கு இன்னும் விலையுண்டு. நம் ஈரோடு மாவட்டத்து அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையிலும் மார்வாரிக் குதிரைகளைப் பலர் கண்டிருப்பர். ஏழை மேய்ப்பனின் ஒட்டகத்துக்கோ அத்தகைய தேவை இல்லை. மறுபுறம் சுற்றுலாப் பயணிகள் பெருகினர். மந்தைகள் தங்கிய மணல்மேடுகளில் விடுதிகளும் கூடாரங்களும் எழுந்தன. தங்களுக்கு இடமும் நீரும் சுருங்கின என்று மேய்ப்பர்கள் முறையிடுகின்றனர். ஜெய்சல்மேரில் மாக பௌர்ணமியை ஒட்டிச் சுற்றுலாத் துறை நடத்தும் பாலைவன விழாவில் ஒட்டக ஓட்டமும் தலைப்பாகை கட்டும் போட்டியும் நடைபெறுகின்றன. கலைஞர்க்கும் கடைக்காரர்க்கும் அதனால் வருவாய் உண்டு. அதைக் குறை கூறவேண்டுவதில்லை. ஆனால் மேய்ப்பனின் ஒட்டகத்தைப் படம் எடுப்பவர் பலர். விலை கேட்பவர் சிலர். வாங்குவோர் குறைந்து பார்ப்போர் பெருகினால், உற்பத்தியாளன் தன் சந்தையிலேயே காட்சிப் பொருளாகிவிடுகிறான்.

கூட்டுறவு காட்டும் வழி

இந் நிலைக்கு மாற்று உண்டா? அப் பாலைநிலத்திலேயே சில முயற்சிகள் நடைபெற்றுள்ளன.

பிக்கானேர் வட்டாரத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் உர்முல் என்னும் பெயரால் அறியப்படுகிறது. நாள்தோறும் பாலை அளந்து வாங்கியதால், ஆண்டுக்கொரு முறை கால்நடையை விற்றுப் பெறும் பணத்தை மட்டும் நம்பியிருந்த குடும்பத்துக்கு இடையறாத வருவாய் கிடைத்தது. 1980-களில் அவ் வொன்றியத்தின் ஆதரவில் தோன்றிய அறநிறுவனம் முதலில் மருத்துவப் பணியில் ஈடுபட்டது. 1987-இல் கடும் வறட்சி தாக்கியபோது, கிராமப் பெண்களுக்குக் கம்பளி நூற்கும் வேலையும் நெசவாளர்க்கு நெய்யும் வேலையும் தந்தது. 1971 போருக்குப் பின் சிந்துப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய பெண்களின் பூத்தையல் திறனும் இவ்வாறு வருவாய்க்குரிய தொழிலாயிற்று. பின்னர்ப் பலோதி வட்டாரத்து நெசவாளர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர்.

அந் நெசவாளர் நெய்வது 'பட்டு' என்னும் கம்பளிப் போர்வை. பெயர் நம் பட்டைப் போன்றிருந்தாலும் அது ஆட்டுக் கம்பளியால் ஆனது. குழித்தறியில் குறுகிய அகலத்தில் இரு துண்டுகளாக நெய்து, நடுவே இணைத்துத் தைப்பர். ஊடு இழைக்கு மேல் வண்ண இழை கோத்து, தையல் போலத் தோன்றும் பூ வேலைப்பாட்டை நெசவிலேயே எழுப்புவர். மேய்ப்பனும் விவசாயியும் மட்டுமே போர்த்திய அத் துணி, நகரத்தார் வாங்கும் சால்வையாகவும் மெத்தை விரிப்பாகவும் உருமாறியது. அளவையும் நிறத்தையும் மாற்றினர். தறியையும் கைத்திறனையும் விடவில்லை.

ஒட்டகப் பாலின் கதையும் கருதத்தக்கது. 1984-இல் பிக்கானேரில் ஒட்டக ஆராய்ச்சிக்கென மத்திய அரசு நிலையம் ஒன்று அமைந்தது. 2016-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒட்டகப் பாலுக்குத் தர அளவு வகுத்தது. அண்டையிலுள்ள கட்ச் மாவட்டத்தில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் மேய்ப்பரிடமிருந்து ஒட்டகப் பாலைத் திரட்ட, 2019-இல் அமுல் பெயரில் அது கடைகளுக்கு வந்தது. வண்டி இழுக்கும் ஆண் ஒட்டகத்தின் விலை வீழ்ந்த காலத்தில், பெண் ஒட்டகத்தின் பாலுக்கு விலை பிறந்தது. பாலை விற்கலாகாது என்று கருதிய குலத்தாரிலும் சிலர் இன்று அதை விற்கின்றனர். பழக்கத்தை மாற்றுவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. ஆயினும் மந்தையை விற்றுத் தொலைப்பதை விடப் பாலை விற்று மந்தையைக் காப்பது மேல் என்று அவர்கள் துணிந்தனர்.

நாம் கற்க வேண்டியவை

முதலாவது: சந்தை தானாகத் தோன்றுவதில்லை, பருவம், நீர், நம்பிக்கை, போக்குவரத்து ஆகியவற்றால் அது அமைகிறது. இவற்றில் ஒன்று மாறினாலும் சந்தை மாறும். நம் சரக்கை வாங்குவோர் ஏன் வாங்குகின்றனர் என்பதைச் சங்கம் ஆண்டுதோறும் ஆராய வேண்டும்.

இரண்டாவது: ஒரே நாளில் ஒரே பொருளை விற்று ஆண்டு முழுவதும் வாழ முயல்வது ஆபத்து. பாலைநிலத்து மேய்ப்பனுக்கு ஆண் ஒட்டகம் எப்படியோ, நம் நெசவாளனுக்குத் தீபாவளிச் சேலையும் அப்படியே. பண்டிகை விற்பனை வேண்டும். அதற்குப் பின் வரும் மாதங்களுக்கும் வழி வேண்டும்.

மூன்றாவது: நெருக்கடியில் விற்பவனுக்கு விலை கிடையாது. பொருளைச் சேமித்து வைக்கக் கிடங்கும், அதன்மீது முன்பணம் தரச் சங்க நிதியும் இருந்தால்தான் அங்கத்தினர் நல்ல விலைக்குக் காத்திருக்க முடியும்.

நான்காவது: விழாக்களையும் கண்காட்சிகளையும் பிறர் நடத்த, நாம் அவற்றில் கடை போடுபவராக மட்டும் நிற்பது போதாது. இடம், நீர், வாடகை, விலை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் குழுவில் உற்பத்தியாளரின் சார்பாளர் இருக்க வேண்டும்.

லூணி ஆற்று மணலில் ஆண்டுதோறும் சந்தை கூடிக் கலைகிறது. அதற்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வருவோரின் பயனே அதை இத்தனை நூற்றாண்டுகளாக நிலைநிறுத்திற்று. நம் சங்கக் கட்டடங்களுக்குச் சுவரும் கூரையும் உண்டு. அவற்றை நிலைநிறுத்துவதும் அங்கத்தினர் அடையும் பயன் ஒன்றே.

கூட்டத்தில் ஆராய்வதற்கு வினாக்கள்

1. நம் வட்டாரத்தில் கூடும் கோயில் திருவிழாச் சந்தைகள் எவை? அவை எந்தப் பருவத்தில் கூடுகின்றன? ஏன்?

2. நம் சங்கத்தின் ஆண்டு விற்பனையில் பண்டிகை மாதங்களின் பங்கு எவ்வளவு? மற்ற மாதங்களில் தறி ஓடுவதற்கு என்ன வழி?

3. சென்ற ஆண்டில் அங்கத்தினர் எவரேனும் பணமுடையால் குறைந்த விலைக்கு வெளியாரிடம் விற்க நேர்ந்ததா? சங்கம் அதைத் தடுத்திருக்க முடியுமா?

4. கையில் இருந்தும் நாம் இன்னும் விற்பனைக்குக் கொண்டுவராத பொருள் ஏதேனும் உண்டா?